ஞாயிற்றுக்கிழமை போட்ட டைம்டேபிள்

அக்கா மகளின் விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அதனால் அந்தச் சுவரை நான் நேரில் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படம்தான். சார்ட் அட்டையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அனாடமிக்கு ஆரஞ்சு, ஃபிசியாலஜிக்குப் பச்சை, பயோகெமிஸ்ட்ரிக்கு நீலம் என்று வண்ணம் தீட்டியிருந்தாள். விடியற்காலை 5 மணிக்கு ஃபிசியாலஜிக்கு கைட்டன் புத்தகம். மாலை 6 முதல் 8 வரை அனாடமிக்கு பி.டி.சௌராசியா. இரவு 9 முதல் 11 வரை மறுபடியும் ஃபிசியாலஜி. 11 முதல் 12.30 வரை பயோகெமிஸ்ட்ரி. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் காலை முதல் இரவு வரை ஒரே சொல்: பேக்லாக்.

"எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். ரயில்வே டைம்டேபிள்கூட இவ்வளவு அழகாக இருக்காது என்று பதில் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பேசும்போது விசாரித்தேன். "அது செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் மாமா ஓடுச்சு" என்றாள்.

முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தங்கும் விடுதி எதுவானாலும் இப்படி ஒரு அட்டை சுவரில் இருக்கும். ஞாயிறு இரவில் பிறக்கும், புதன்கிழமைக்குள் செத்துவிடும், அடுத்த ஞாயிறு புதிய வண்ணத்தில் மறுபடி பிறக்கும். சோம்பேறிகள் போடும் அட்டை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். போடுகிறவர்கள் நீட் தேர்வுக்காக ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தவர்கள். உட்காரத் தெரியாதவர்கள் இல்லை. பிறகு ஏன் ஓடவில்லை?

ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நீட்டுக்குப் படித்த காலத்தில் நாள் முழுவதும் மாணவருடையது. கோச்சிங் சென்டர்கூட படிப்புக்காகவே எடுத்துக்கொண்ட நேரம். 720 மதிப்பெண்ணுக்கு என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகக் கரைத்துக் குடித்தால் போதும். மருத்துவக் கல்லூரியில் பகல் கல்லூரிக்குச் சொந்தம். பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு முதல் லெக்சர், மாலை நான்கு மணிக்குத்தான் வெளியே. நடுவில் உடலை வெட்டிப் படிக்கும் டிசெக்‌ஷன், மதியம் சாப்பிட்ட கையோடு ஃபிசியாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி லேப். தன் விரலைத் தானே குத்தி ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் நியூபவர் சேம்பரில் சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்போது கண் பூத்துப் போயிருக்கும். வருகைப்பதிவு தியரிக்கு 75 சதவிகிதம், பிராக்டிகலுக்கு 80 சதவிகிதம் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. ஆகவே கட் அடித்துவிட்டு அறையில் உட்கார்ந்து படிக்கும் வழியும் அடைபட்டது.

அவளும் நானும் போனிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாரத்துக்கு 168 மணி நேரம். சனிக்கிழமை அரைநாளையும் சேர்த்துக் கல்லூரிக்கு 45. தூக்கத்துக்குத் தினம் ஏழு என்று 49. மீதி 74. இதில் குளியலறை வரிசை, மெஸ் வரிசை, துணி துவைப்பது, நடை எல்லாம் சேர்த்துத் தினம் மூன்று மணி நேரம் போனால் மீதி 53. ரெக்கார்டு எழுத வாரம் ஆறு மணி நேரம். (ஹிஸ்டாலஜி ரெக்கார்டு மட்டுமே பாதியைத் தின்றுவிடுமாம். பிங்க், வயலட் இரண்டு பென்சில்களைச் சீவிச் சீவி ஒவ்வொரு செல்லாக வரைய வேண்டும்.) மீதி 47. நான்கு மணிக்கு வந்து விழுந்து தூங்குவது, கேன்டீன், அம்மாவுக்கு போன், இன்ஸ்டாகிராம், யாருக்காவது பிறந்தநாள். "அதை எல்லாம் எழுத வேண்டாம் மாமா" என்றாள். எழுதினோம். கடைசியில் நேர்மையாகக் கையில் நின்றது இருபதிலிருந்து இருபத்தைந்து மணி நேரம். சுவரில் இருந்த அட்டையோ நாற்பதுக்கு மேல் கேட்டது. இல்லாத பணத்துக்கு எழுதிய செக் எங்காவது பாஸாகுமா?

இந்த நெருக்கடி ஓரளவுக்கு மேலிருந்தே வருகிறது. பழைய டாக்டர்களிடம் பேசிப்பாருங்கள், "எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயரே ஒன்றரை வருஷம்" என்பார்கள். உண்மைதான். 1997-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளை மாற்றும் வரை முதல் கட்டம் 18 மாதம். அப்போது அதை 12 மாதமாக்கினார்கள். ஆனால் மனித உடம்பில் எலும்பு குறையவில்லை, பெரியவர்களுக்கு அதே 206-தான். 2019-இல் பாடத்திட்டம் மறுபடி மாறியது. திறன் சார்ந்த கல்வி என்று பெயர் வைத்து, முதலாண்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பது, மருத்துவ அறநெறி, விளையாட்டு என்று பலவற்றைச் சேர்த்தார்கள். நோக்கம் நல்லதுதான். அந்த 2019 திட்டத்தின் மணிக்கணக்கைப் பாருங்கள். அனாடமிக்கு மொத்தம் 675 மணி நேரம், ஃபிசியாலஜிக்கு 495, பயோகெமிஸ்ட்ரிக்கு 250. இதற்குள் 'சுயகற்றல்' என்று ஒதுக்கியது முறையே 40, 25, 20. ஒரு வருடம் முழுவதற்கும் 85 மணி நேரம். வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். மற்றதெல்லாம் இரவில் நீயே தேடிக்கொள் என்று அர்த்தம்.

தேடுகிறார்கள், நள்ளிரவில். அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. அவர்கள் இரவு பன்னிரண்டு மணிக்குத் தேடும் நேரம் காலை பதினொரு மணிக்கே தொலைந்துபோனது. தொலைந்த இடம் டிசெக்‌ஷன் ஹால்.

மூன்றாவது வரிசையில் நிற்பவர்கள்

சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை ஆகியவற்றில் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொரு மாவட்டக் கல்லூரிகளில் 100 அல்லது 150 பேர். எங்கே படித்தாலும் ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து, இருபது பேர் நிற்பார்கள். கத்தி, ஃபோர்செப்ஸ் பிடிப்பது இரண்டு பேர். பக்கத்தில் எட்டிப் பார்ப்பது நான்கு பேர். மூன்றாவது வரிசைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் வெள்ளைக் கோட்டும் தலைமுடியும்தான். ஃபார்மலின் நெடியில் கண் எரிகிறது, மூக்கில் நீர் வழிகிறது, காலையில் மெஸ்ஸில் அவசரமாக விழுங்கிய இட்லி எப்போதோ கரைந்துவிட்டது. (ஃபார்மலின் பசியைக் கிளப்பும் என்று சீனியர்கள் ஆணையிட்டுச் சொல்வார்கள்.) மூன்றாவது வரிசையில் மெதுவாக போன் வெளியே வரும். "இதெல்லாம் ராத்திரி பி.டி.சி.ல படிச்சுக்கலாம்" என்று ஒரு சமாதானம்.

அங்கே என்ன தப்பிப் போகிறது என்பதற்கு ஒரு உதாரணம். அக்குளில் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. கழுத்துப் பகுதியின் ஐந்தாம் நரம்பிலிருந்து மார்புப் பகுதியின் முதல் நரம்பு வரை ஐந்து வேர்கள் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கை முழுவதற்கும் போகும். முதலாண்டு மாணவரைக் கனவிலும் விடாத படம் அது. புத்தகத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். மேசையில் படுத்திருப்பவரின் உடம்பில் மூன்றும் ஒரே பழுப்பு நிறம். விரலால் உருட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நரம்பு கெட்டியான நூல்கயிறுபோல இருக்கும், தமனியின் சுவர் தடித்திருக்கும், சிரை சப்பையாக அமுங்கும். அக்குள் தமனியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தால் அதன் மேலே மூன்று நரம்புகள் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்தைப்போல உட்கார்ந்திருப்பது தெரியும். ஒருமுறை அந்த 'எம்'-ஐ விரலால் தொட்டுவிட்டால் மற்ற கிளைகளையெல்லாம் அதிலிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். தொடாதவர் இரவில் அதே படத்தை ஆறு முறை வரைகிறார். வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸாமினர் உடம்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் ஏழாவது முறையாக மறக்கிறார். நிறம்தான் அவருக்கு அடையாளம். இங்கே நிறமே இல்லையே!

அனாடமி கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் எங்கள் தெருவில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். "நாற்பது வருஷம் பார்த்துட்டேன் தம்பி. காலைல மெஸ்ல உட்கார்ந்து இருபது நிமிஷம் கன்னிங்ஹாம் புரட்டிட்டு வர்றவன் தானா மேசை முன்னாடி வந்து நிப்பான். எதைத் தேடணும்னு அவனுக்குத் தெரியும். தெரியாதவன் பின்னாடிதான் நிப்பான்." அவர் சொல்வது கன்னிங்ஹாமின் டிசெக்‌ஷன் கையேட்டை. மூன்று பாகம். அன்றைக்கு வெட்டப்போகும் பகுதிக்கு நாலைந்து பக்கம்தான் வரும். கல்லூரிக்கு முந்தைய அந்த இருபது நிமிடம் இரவின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்பது அவர் கட்சி. எனக்கும் இப்போது அதே கட்சி.

எலும்பும் அப்படியே. தேர்வில் காரை எலும்பைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்து எலும்பு என்று கேட்பார்கள். தட்டையான முனை தோளை நோக்கி, பருத்த முனை நெஞ்சை நோக்கி, பள்ளம் கீழே பார்த்தபடி, நெஞ்சுப் பக்கத்து வளைவு முன்னே புடைத்தபடி பிடித்தால் பக்கம் தெரிந்துவிடும். கை அறிந்தால் ஐந்து நொடி. கண் மட்டுமே அறிந்திருந்தால் ஐந்து நிமிடம் உருட்டியும் வராது.

பதம் பிரித்தவள்

என் அக்கா மகளின் அறைத்தோழி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துச் சேர்ந்தவள். அவளுக்கு முதல் இரண்டு மாதம் எந்த டைம்டேபிளும் பொருந்தவில்லை. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் படிக்கும் பக்கம் அவளுக்கு ஒரு மணி நேரம். லெக்சரில் சொல்வது ஆங்கிலமா லத்தீனா என்றே பிரித்தறிய முடியவில்லை என்றாள். இவளைப் போன்றவர்களுக்கு, எல்லாருக்கும் பொதுவான 'தினமும் இத்தனை மணி நேரம்' என்ற அறிவுரையைக் கொடுப்பது அநியாயம்.

அவள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பத்தாம் வகுப்பில் தமிழம்மா செய்யுளைப் பதம் பிரித்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததைப்போல இதையும் பிரித்தாள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு: ஒரே மூச்சில் சொன்னால் தலை சுற்றும். ஸ்டெர்னம் என்றால் மார்பெலும்பு, கிளைடோ என்றால் காரை எலும்பு, மாஸ்டாய்டு காதுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பு. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. லெவேட்டர் என்றால் தூக்குவது, ஃப்ளெக்சர் என்றால் மடக்குவது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இப்படிப் பிரித்து எழுதியே மூன்றாவது மாதத்தில் வேகம் பிடித்தாள். ஆங்கில வழியில் படித்த என் அக்கா மகள், அந்த நோட்டைக் கடன் வாங்கி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் அனாடமியை 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் கொண்டுவந்தார். ஆண்டு 1872. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஒரு விடுதி அறையில் ஒரு பெண் நாற்பது பக்க நோட்டில் அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்த நூலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டாமா?

மூடிய புத்தகம்

கையில் நிற்கும் இருபத்தைந்து மணி நேரத்தை என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது மறுவாசிப்பு. மஞ்சள் ஹைலைட்டர் போட்ட பக்கத்தின் மேல் பச்சை ஹைலைட்டர். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். அந்தத் தெம்பு ஒரு ஏமாற்று. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மறதி முதல் நாளிலேயே பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஜெர்மனியின் எபிங்காஸ் தன்னையே சோதித்து எழுதியதோ 1885-இல். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எப்போது மறக்கிறது என்று கணக்கு வைத்தவர் அவர். முதலாண்டு மாணவருக்கு அவர் நெருங்கிய சொந்தம் என்றே சொல்வேன்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஒரு வாரம் எப்படி இருக்கலாம்? அன்று தொட்டதை அன்றிரவே, புத்தகத்தை மூடி வைத்து, வெள்ளைத் தாளில் வரைந்து பார்க்க முக்கால் மணி நேரம். வராத இடத்துக்கு மட்டும் புத்தகம். லெக்சரில் கேட்ட ஃபிசியாலஜிக்கு இன்னும் ஒரு மணி நேரம். பயோகெமிஸ்ட்ரி தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் போதும், ஆனால் அந்த மூன்று நாளும் தவறக்கூடாது. கிரெப்ஸ் சுழற்சியை ஒரே ராத்திரியில் விழுங்கியவர்கள் அடுத்த வாரமே அதைத் துப்பியிருப்பார்கள். வார நாட்களில் தினம் மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் அது கதை.

ஞாயிற்றுக்கிழமையை பேக்லாக் போட்டு வைக்கும் குடோனாக ஆக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குடோன் நிரம்பிக்கொண்டே போகும், காலியாவதில்லை. ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம், அந்த வாரம் படித்ததை மட்டும் நண்பர் ஒருவரை வைவா கேட்கச் சொல்லிப் பதில் சொல்வது. விட்டுப்போன பாடம் விட்டுப்போனதாகவே இருக்கட்டும், ஒரு பகுதி முடிந்ததும் வைக்கும் பார்ட் எண்டிங் டெஸ்ட் வரும்போது பிடித்துக்கொள்ளலாம். மதியத்துக்குப் பிறகு புத்தகம் தொடக்கூடாது. துணி துவைக்கலாம், பரோட்டா சாப்பிடப் போகலாம். இதைச் சொன்னபோது அக்கா என்னைத்தான் திட்டினாள்: "படிக்கிற பிள்ளையக் கெடுக்காத!"

புத்தகத்திலும் ஒரு பாசாங்கு உண்டு. கைட்டன் அருமையான புத்தகம். 1956-இல் முதல் பதிப்பு, எட்டுப் பதிப்புகளை ஒரே ஆள் எழுதினார் என்பதே ஆச்சரியம். ஆனால் தமிழ்நாட்டு விடுதிகளில் முதல் இரண்டு மாதம் கைட்டன் மேசை மேலே இருக்கும், இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் செம்புலிங்கத்தின் ஃபிசியாலஜி கைக்கு வந்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே செம்புலிங்கத்தைப் படித்து, புரியாத இடத்துக்கு மட்டும் கைட்டனைத் திறப்பவருக்கு வாரத்தில் நாலு மணி நேரமாவது மிச்சம்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கம் தேவை என்பதை அந்த ஃபிசியாலஜி புத்தகமே சொல்கிறது. அதை இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து படிப்பதுதான் வேடிக்கை.

வேடிக்கையாகப் பேச முடியாத ஒன்றும் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் சிறப்புக் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்கெடுப்பில் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவிகிதம் பேர் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு பேரில் ஒருவருக்கு மேல். பிளஸ் டூவில் மாவட்டத்திலேயே முன்னணியில் இருந்த பிள்ளை, முதல் இன்டர்னலில் 38 மார்க் வாங்கியதும் வீட்டுக்கு போன் செய்வதையே நிறுத்திவிடும். விதிப்படி முதலாண்டுத் தேர்வை எழுத நான்கு வாய்ப்பு உண்டு. வருடாந்திரத் தேர்வில் போனாலும் சில வாரங்களில் சப்ளிமென்ட்டரி எழுதித் தேறினால் அதே பேட்ச்சில் தொடரலாம். இதை முதல் வாரத்திலேயே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்லும் கல்லூரி எனக்குத் தெரிந்து குறைவு. போன் நின்றுவிட்டால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். பேச வேறு ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சீனியர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த எலும்புப் பெட்டியை அவள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டாள். பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, விஷயம் தெரிந்ததும் வீடே ரெண்டுபட்டது. "பண்டிகை நாளும் அதுவுமா மனுச எலும்ப வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியேடி!" பெட்டி திண்ணைக்குப் போனது. அவளும் திண்ணைக்குப் போனாள். மாட்டுப் பொங்கலன்று மாலை, பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"இதுல என் முட்டி எலும்பு எதுடி?"

அவள் தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் எடுத்துப் பொருத்தி, நடுவில் சில்லை வைத்து, எங்கே ஜவ்வு, எங்கே தேய்மானம், மாடிப்படி இறங்கும்போது ஏன் வலி அதிகம் என்று சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிடம். கையில் புத்தகம் இல்லை, ஆங்கிலச் சொல் நாலோ ஐந்தோதான். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறி, எலும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்ல பாட்டி, அது உள்பக்கம்" என்று திருத்திக்கொண்டாள். பாட்டி தயங்கித் தயங்கி விரலை நீட்டி அந்தச் சில்லைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. மாத்திரை எப்ப எழுதிக் குடுப்ப?"

"அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆகும் பாட்டி."

"அதுவரைக்கும் தைலமா?" என்று கேட்டுவிட்டு, பாட்டி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.